ஐந்தாவது பொத்தான்

ஒரே தெருவுக்கு மூன்று கணக்கு இருந்தது. மூன்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

முதல் கணக்கு நேரடிக் கேள்வியில் வந்தது. பாலியல் தொழில் நடக்கும் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், உங்கள் விருப்பப்படிதான் இங்கே இருக்கிறீர்களா என்று பெண்களிடம் கேட்டார்கள். கேட்ட நூற்றுப் பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். பின்னே என்ன சொல்வார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் வீட்டை நடத்தும் அம்மாள் அடுத்த அறையில் காய் நறுக்குகிற சாக்கில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது கணக்கு, ஊர்க்கோடியில் இருந்த காப்பகத்தின் கோப்புகளில் இருந்தது. அங்கே தங்கியிருந்த அத்தனை பெண்களும் கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதிலும் அதிசயம் இல்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டால்தான் கட்டிலும் போர்வையும் கிடைக்கும். ஆக, ஒரு கணக்கின்படி அந்த ஊரில் ஆள்கடத்தலே கிடையாது. இன்னொரு கணக்கின்படி ஆள்கடத்தலைத் தவிர வேறெதுவும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆராய்ச்சி இயக்குநர், தலையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்.

அந்த மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தவள்தான் சதவீதம். பெற்றவர்கள் நல்ல பேர்தான் வைத்திருந்தார்கள். ஆபீசில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புள்ளியியல் படித்தவள் என்பதற்காக மட்டும் இந்தப் பட்டப்பேர் வந்துவிடவில்லை. பெண் பார்க்க வந்த வரனை ஏன் வேண்டாம் என்றாய் என்று அத்தை கேட்டபோது, அறுபது சதவீதம்தான் தேறினார் என்று பதில் சொன்னவள் அவள். முப்பத்தெட்டு வயதில், வக்கீல் தங்கையோடு ஒரு சைக்கிள் கடையின் மாடியில் குடியிருந்தாள். அக்கா எண்களை நம்புவாள், தங்கை கையெழுத்துகளை நம்புவாள். மனிதர்களை யார் நம்புவது என்பதில்தான் அந்த வீட்டில் சண்டை.

சதவீதத்தின் வழி இதுதான். யாரிடமும் எது உண்மை என்று கேட்கக் கூடாது. எத்தனை உண்மை என்று மட்டும் கேட்க வேண்டும். ஓர் அட்டையில் நான்கு வாக்கியங்கள்: இன்று காலை தேநீர் குடித்தேன். எனக்கு ஓர் அக்கா உண்டு. இந்த வாரம் ஒரு படமாவது முழுதாகப் பார்த்தேன். எனக்கு நீச்சல் தெரியும். பெண்களில் பாதிப் பேருக்கு இந்த அட்டை. மீதிப் பேருக்கு இதே நான்கும், கூடவே ஐந்தாவதாக ஒன்றும்: நினைத்தாலும் இந்த வீட்டை விட்டுப் போக என்னால் முடியாது. எத்தனை வாக்கியமோ அத்தனை வெள்ளைப் பொத்தான்களைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, உண்மையான வாக்கியத்துக்கு ஒன்றாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, கடைசியில் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். ஒருத்தி மூன்று என்றால் எந்த மூன்று என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஆனால் இரண்டு கூட்டத்தின் சராசரியையும் கழித்துப் பார்த்தால், போக முடியாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது வந்துவிடும். தெருவின் நிலைமை தெரியும், ஆள் தெரியாது.

நீச்சலை வேண்டுமென்றே போட்டிருந்தாள். ஆறும் இல்லாத குளமும் இல்லாத ஊர் அது. ஒருத்தி ஐந்தும் உண்மை என்று சொல்லிவிட்டால் அவளுடைய ரகசியம் பட்டவர்த்தனமாகிவிடுமே, அதற்காகத்தான் யாருக்கும் பொருந்தாத ஒரு வாக்கியம். அந்த ஏற்பாட்டில் சதவீதத்துக்கு அத்தனை பெருமை. ஒவ்வொருத்தியிடமும் கொடுக்கும் உறுதிக் கடிதத்தையும் அவளே எழுதியிருந்தாள். உங்கள் பதிலை வைத்து உங்களை யாரும் அடையாளம் காண முடியாது, நீங்களாகக் கேட்டால் ஒழிய நாங்கள் எதிலும் தலையிட மாட்டோம் என்று அதில் இருந்தது.

கேள்வி கேட்கப் போனது மைனா. அவளும் பன்னிரண்டு வருடம் இதே தொழிலில் இருந்தவள்தான். இப்போது கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக, தெருவில் அத்தனை வீட்டிலும் அடுப்படி வரை போய்வரும் உரிமை பெற்றிருந்தாள். மைனா என்பது, வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் வந்த பேர். ஆனால் அட்டையைக் கையில் எடுத்துவிட்டால் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். 

மூன்று வாரத்தில் படிவங்கள் வந்து குவிந்தன. எல்லாம் இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு என்று சமர்த்தாக இருந்தன. சதவீதத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி இருபத்தேழாம் எண் படிவம் வரைக்கும்தான். அதில் 5 என்று எழுதியிருந்தது.

அவள் உடனே மைனாவைக் கூப்பிட்டு, எழுதுகையில் கை தவறிவிட்டதா என்று கேட்டாள். மைனா பைக்குள்ளிருந்து ஐந்து வாக்கிய அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"கை தவறல மேடம். அஞ்சுன்னுதான் சொல்லுச்சு. புதுசா வந்த பொண்ணு. இருபத்து மூணு வயசு. அட்டைய ரெண்டு தடவ படிச்சுது, என்னைய ஒரு தடவ பாத்துது, அப்புறம் சொல்லுச்சு."

இயக்குநருக்குப் போன் போட்டால், அவர் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை. ஐந்து என்று வந்தால் எண்ணத் தெரியவில்லை என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிட்டு மேலே ஆகட்டும் என்றார். அவர் இருந்தது முந்நூறு மைல் தள்ளி. அத்தனை தூரத்தில் இருந்தால் எல்லாமே எண்ணத் தெரியாத தவறாகத்தான் தெரியும் என்று சதவீதம் மனசுக்குள் திட்டினாள். ஆனால் அவளும் அந்த வரியை அழிக்கத்தான் போனாள். ரப்பரைக் கையில் எடுக்கும்போது ஒரு யோசனை குறுக்கே வந்தது. நீச்சல் எதற்கு இருக்கிறது என்று இந்தப் பெண்ணுக்குப் புரிந்துபோயிருந்தால்? ஆளே தெரியக்கூடாது என்று தான் கட்டிய சுவரை, ஆள் தெரியட்டும் என்பதற்காகவே ஒருத்தி தட்டிப் பார்த்திருந்தால்?

அன்று சாயங்காலம் தங்கையிடம் சொன்னாள். தங்கை ரொட்டியை மென்றுகொண்டே, ஐந்து என்பது வெறும் எண், அதைக் கொண்டுபோய் எந்த நீதிபதி முன்னாலும் நிறுத்த முடியாது என்று ஒரே போடாகப் போட்டாள். போலீசுக்குச் சொல்லிவிடலாமா என்ற பேச்சு வந்தபோதுதான், படிவக் கட்டைக் கொடுக்க வந்திருந்த மைனா வாசலில் நின்றபடியே குறுக்கிட்டாள்.

"போலீஸ் மட்டும் வேணாம் மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்தாங்க. என்னைக் காப்பாத்துறேன்னு நாலு மாசம் பூட்டி வச்சாங்க. அந்த வீட்டுல பத்தொம்பது பேரு இருக்காங்க. ஒண்ணைத் தூக்க வந்து பதினெட்டையும் சேத்துல தள்ளிட்டுப் போவாங்க."

போலீஸ் பேச்சு அதோடு முடிந்தது. பத்தில் ஒருவரிடம் மறுபடியும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது ஆராய்ச்சியின் விதி. யாரைச் சரிபார்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். சதவீதம் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீட்டைக் குலுக்காமல் இருபத்தேழாம் எண்ணை எடுத்தாள்.

மைனாவைக் கூட்டிக்கொண்டு அவள் போன அந்த வீட்டுக்கு மாடிப்படி வெளிப்பக்கம் இருந்தது. படி முடியும் இடத்தில் செருப்புகள் வரிசையாக இருந்தன. கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காதே, சதவீதம் எண்ணினாள். பத்தொன்பது பெண்களுக்குப் பதினெட்டு ஜோடி. யாராவது வெளியே போயிருக்கிறார்களா என்று போகிற போக்கில் கேட்டாள். எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்றாள் வீட்டுக்காரம்மா. பருத்த, கலகலப்பான பெண்மணி. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஆராய்ச்சி என்றால் தனக்கு ரொம்ப மரியாதை என்றாள், பிறகு அடுத்த அறைக்குப் போய்க் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு காய் நறுக்க உட்கார்ந்தாள். வாசலில் இன்னொருவர் இருந்தார். வீட்டின் வண்டியோட்டி, காவல், எடுபிடி எல்லாம் அவரே. மூக்குக்குக் கீழே அரை முகத்தை மறைத்த மீசையால் ஊரே அவரை மீசை என்றுதான் கூப்பிட்டது.

இருபத்தேழாம் எண் வந்து எதிரே உட்கார்ந்தாள். மெலிந்த பெண். முழுக்கைச் சட்டை, வெறுங்கால். ஒருமுறை ஐந்து வாக்கியம் கேட்டவர்களுக்குச் சரிபார்க்கும்போது நான்கு வாக்கிய அட்டையைத்தான் கொடுக்க வேண்டும். இந்த விதியைச் சதவீதம் மீறவில்லை. அந்த அட்டையையே கொடுத்து, நான்கு வெள்ளைப் பொத்தான்களை எண்ணிக் கையில் வைத்தாள்.

அந்தப் பெண் அட்டையைப் படித்தாள். கடைசி வாக்கியம் காணாமல் போயிருப்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அடுத்த அறையில் கத்தி டக் டக் என்று நறுக்கிக்கொண்டே இருந்தது.

"எத்தனைம்மா?" என்றாள் சதவீதம்.

"அஞ்சு."

"நாலு வாக்கியம்தானே இருக்கு?"

"தெரியும்." அவள் வலது கையை மேசைமேல் கொண்டுவந்து விரித்தாள். நான்கு வெள்ளைப் பொத்தான்கள் இருந்தன. ஐந்தாவதாக ஒரு நீலப் பொத்தான், அறுந்த நூலோடு. சட்டையின் இடது கை மணிக்கட்டில் திறந்து தொங்கியது.

இருபது வருடமாக எண்களோடு குடித்தனம் நடத்தியும், ஒரு எண் சதவீதத்தை நேருக்கு நேர் பார்த்தது இதுதான் முதல் முறை. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. அதற்குப் பதில் பென்சிலை எடுத்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதினாள்: போலீஸ் வராது. என் தங்கை வக்கீல். வெளியே வர விருப்பம் என்றால் ஒரு பொத்தானை இதன்மேல் வையுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

நீலப் பொத்தான் அட்டைமேல் வந்து உட்கார்ந்தது. யோசிக்கக்கூட இல்லை அவள்.

உடனே சதவீதம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து, இந்தப் பெண்ணுக்கு எண்ணவே தெரியவில்லை, நான்குக்கு ஐந்து என்கிறாள், இந்தப் படிவம் செல்லாது என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி அலுத்துக்கொண்டாள். நடிப்பில் அவள் நூற்றுக்கு முப்பதுகூடத் தேறமாட்டாள். நல்லவேளையாக மைனா உள்ளே புகுந்தாள். தெருவில் எல்லா வீட்டுப் படிவமும் சரியாக இருக்கும்போது இந்த வீட்டுப் படிவம் மட்டும் தள்ளுபடியானால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று வீட்டுக்காரம்மாவிடம் கவலையோடு விசாரித்தாள். எதிர்வீட்டுக்காரி சிரிக்கமாட்டாளா என்று வேறு கேட்டு வைத்தாள். எதிர்வீட்டுக்காரியின் பேரைக் கேட்டதும் கத்தி நின்றுபோனது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீசுக்கே அனுப்புகிறேன், உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றாள் வீட்டுக்காரம்மா. கூட மீசை வருவார் என்பதையும் சொல்ல மறக்கவில்லை.

மீசையை என்ன செய்வது என்பதுதான் அடுத்த தலைவலி. தங்கைக்கு வேண்டியது இரண்டு மணி நேரம். அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை வாங்கி, பின்வாசல் வழியாக அழைத்துப்போய், வயது வந்த பெண் தன் விருப்பப்படி தான் நினைத்த இடத்துக்குப் போகிறாள் என்று நீதிமன்றத்தில் நேரில் எழுதிக்கொடுத்துவிட்டால், பிறகு யாரும் கை வைக்க முடியாது. இரண்டு மணி நேரம் ஒரு காவல்காரரை எப்படி உட்கார வைப்பது? மயக்க மருந்தா கொடுக்க முடியும் என்று தங்கை எரிச்சலோடு கேட்டாள்.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு கட்டு கிடந்தது. வீடுகளில் வேலை பார்க்கும் ஆண்களுக்கான கேள்விப் படிவம். மொத்தம் நூற்று அறுபத்து நான்கு கேள்விகள். ஆராய்ச்சித் திட்டத்தில் முறைப்படி இருந்தது. ஆனால் யாரும் ஒருவரிடமும் கேட்டதில்லை. அவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சதவீதம் அதைத் தூசி தட்டினாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மீசை வந்தார். அந்தப் பெண்ணைத் தங்கை காத்திருந்த உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்காரப் போனவரை சதவீதம் மடக்கினாள். உங்களைப் போன்றவர்களின் கருத்து இல்லாமல் இந்த ஆராய்ச்சியே அரைகுறை என்றாள். அது பொய்யும் இல்லை. தேநீர் வந்தது. மீசை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முதல் பத்துக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். பிறந்த ஊர், படிப்பு, பார்த்த வேலைகள் என்று போகப் போக ஒரு வரியானது. முப்பதாவது கேள்வியில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஐம்பதாவது கேள்விக்கு, தான் ஓட்டிய முதல் லாரியின் பிரேக்கைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அந்த மனிதரிடம் பிறந்ததிலிருந்து யாரும் எதையும் கேட்டதில்லை என்பது சதவீதத்துக்குப் புரிந்தது. அவர் பேச்சு அவளுக்குப் பிடித்தும் போயிற்று. ஆனாலும் உள்ளறைக் கதவு கிறீச்சிட்டபோதெல்லாம் அவள் அடுத்த கேள்வியைக் கொஞ்சம் சத்தமாக வாசித்தாள்.

பன்னிரண்டே கால் மணிக்குப் பின்வாசல் சாத்தும் சத்தம் கேட்டது. மீசை கேட்டாரா என்று தெரியவில்லை. தொண்ணூற்றேழாவது கேள்வியில் தன் தங்கையின் கல்யாணத்தைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தார்.

நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வியை சதவீதம் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் அது என்ன கேள்வி என்று கவனித்தாள். நினைத்தால் இந்த வேலையை விட்டுப் போக உங்களால் முடியுமா?

மீசை தேநீர்க் கோப்பையை எடுத்தார், காலியாக இருப்பதைப் பார்த்துக் கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தார். மிக நிதானமாக அவளைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு போயிருச்சா?"

சதவீதத்துக்கு எண்களிலும் பொய் சொல்லிப் பழக்கமில்லை, எண்களுக்கு வெளியேயும் இல்லை. ஆமாம் என்று தலையசைத்தாள்.

மீசை எழுந்தார். வாசல் வரை போனார். அங்கே நின்று தெருவைப் பார்த்தார். ஓடினால் பிடித்துவிடக்கூடிய தூரத்தில்தான் பேருந்து நிறுத்தம் இருந்தது. தங்கையும் அந்தப் பெண்ணும் பேருந்து வராமல் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னும் எத்தன கேள்வி இருக்கு?"

"அம்பத்திரண்டு."

"கேட்டு முடிங்க. பாதியில எழுந்து போனா நல்லா இருக்காது. அந்தக் கேள்விய மட்டும் காலியா விட்டுருங்க."

காலியாக விட்டாள். மீதியைக் கேட்டு முடிக்கும்போது மணி இரண்டரை. வீட்டுக்காரம்மாவிடம் அவர் என்ன சொன்னார் என்பதை மைனாதான் பிறகு வந்து சொன்னாள்: அந்தப் பெண் ஜன்னல் வழியாக ஓடிவிட்டதாம், தெருமுனை வரை துரத்தினாராம். அந்த ஆபீஸ் ஜன்னலில் கம்பி போட்டிருந்தது என்பதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மா மைனாவோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படியேறவும் விடவில்லை. எதிர்வீட்டுக்காரி சிரிக்கத்தான் செய்தாள். மற்ற பதினெட்டுப் பேரும் அவரவர் பாட்டுக்கு இருந்தார்கள். அவர்களைத் தேடி எந்த வண்டியும் வரவில்லை.

இயக்குநர் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தேழாம் எண்ணின் பதிலை வைத்துக்கொள்வதா, நீக்குவதா? அது அந்தப் பெண்ணின் பதில், அவளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று சதவீதம் பிடி கொடுக்காமல் நின்றாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு கையெழுத்துப் பாக்கிக்காக அந்தப் பெண் தங்கையின் அலுவலகத்துக்கு வந்தாள். கூட ஓர் அக்கா வந்திருந்தாள். காலில் பழுப்பு நிறச் செருப்பு. அதே முழுக்கைச் சட்டை. இடது மணிக்கட்டில் இப்போது சிவப்புப் பொத்தான் தைத்திருந்தது. சதவீதம் பைக்குள்ளிருந்து நீலப் பொத்தானை எடுத்துக் கொடுத்தாள். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுவதற்கு ஆகும் என்றாள். அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

பதிலை நீக்கிவிடட்டுமா என்று சதவீதம் கேட்டாள். நீக்கச் சொன்னால் நீக்கிவிடுகிறேன், எந்தக் கேள்வியும் கேட்கமாட்டேன் என்றும் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள்.

"மறுபடி ஒரு தடவ கேளுங்க. அஞ்சும் இருக்கிற அட்டை."

சதவீதம் அட்டையைக் கொடுத்தாள். நான்கு வெள்ளைப் பொத்தான்களோடு நீலத்தையும் சேர்த்து ஐந்தாகக் கையில் வைத்தாள். அவள் நிதானமாகப் படித்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாக மாற்றினாள். அவசரமே படவில்லை.

"ரெண்டு."

எந்த இரண்டு? அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஆகவே ஒன்று தெரியும் என்று நினைத்தாள் சதவீதம். உடனே, கூட வந்தவள் பெரியம்மா மகளாக இருந்தால் அவளைக் கணக்கில் சேர்த்திருப்பாளா என்ற சந்தேகமும் வந்தது. தேநீரா, படமா? ஒருவேளை நீச்சல் நிஜமாகவே தெரியுமா? கேட்டுவிட நாக்கு துறுதுறுத்தது. அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டு, சொல்ல மாட்டேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அது சதவீதத்தையும் தொற்றிக்கொண்டது.

இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே இருந்த 5 என்பதைத் தடம் தெரியாமல் ரப்பரால் அழித்து, அந்த இடத்தில் 2 என்று எழுதினாள். இனி அந்தப் பட்டியலை யார் எடுத்துப் புரட்டினாலும், நூற்றுப் பத்துப் பேரில் அவள் யாரென்று கண்டுபிடிக்க முடியாது.